உள்ளே விட்ட துணி

கோத்தகிரியில் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் வாழ்கிறோம்.
ஸ்வெட்டருக்கு மேல் சால்வை,
மழைக்கு அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டு.
குளியல் என்பது
வெந்நீர் ஆறுவதற்குள் முடிக்கிற அவசரம்.
தன் உடம்பைத் தானே பார்க்க
இந்த ஊரில் யாருக்கும் வெயில் போதாது.

பார்ப்பவள் நான் ஒருத்தி.
அதுவும் பார்ப்பதில்லை, அளப்பேன்.
தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, கை ஆறரை,
கழுத்து இறக்கம் மாமியாருக்குத் தகுந்தபடி.
பதினேழு வருட நோட்டில்
பாதி ஊரின் உடம்பு இருக்கிறது.

அரவேணு செபஸ்தியம்மாளுக்குத்
தேயிலை பாக்டரியில் சல்லடைப் பக்கம் வேலை.
சித்திரையில் வந்தாள்.
"இடது பக்கம் பிடிக்குது, கொஞ்சம் லூஸ் பண்ணு."
பண்ணினேன். இருபது ரூபாய்.
ஆவணியில் அதே பக்கம். பிரித்தேன், தைத்தேன்.
உறைபனி தொடங்கிய வாரம் மூன்றாம் முறை.
"ஒரு பக்கமாவே சதை போடுது பாரு எனக்கு"
என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
வலிக்குதா என்று மட்டும் கேட்டேன்.
"வலிச்சா சும்மா இருப்பேனா?"
அந்தப் பதிலில்
இரண்டு பேருமே சமாதானமானோம்.

எந்த பிளவுஸிலும் உள்ளே
ஒரு இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்பேன்,
பெருத்தால் பிரித்துக்கொள்ள.
அன்றைக்கு அவளுடையதில்
விடுவதற்குத் துணி இல்லை.

தவக்காலத்தில் அடக்கம்.
பச்சை பிளவுஸை வாங்கிப்போக யாரும் வரவில்லை.
ஆணியில் தொங்குகிறது.
தையலைப் பிரித்தாலும் ஊசித் துளை போகாது;
இடது பக்கம் மூன்று வரிசை.
விளக்கில் பிடித்தால் வெளிச்சம் கசியும்.

அதற்கப்புறம் என் வாய் நீண்டுவிட்டது.
ஒரு பக்கம் மட்டும் லூஸ் கேட்டால்
டேப்பைக் கீழே வைத்துவிடுவேன்.
கட்டி தட்டுப்படுதா, தோல் சுருங்குதா,
காம்பு உள்ளே இழுக்குதா,
கேட்காமல் கத்தரி எடுப்பதில்லை.
சிலர் முறைத்தார்கள். சிலர் கடை மாற்றினார்கள்.
ஒருத்தியின் புருஷன் வாசலில் நின்று
"தைக்கிற வேலைய மட்டும் பாரு" என்றார்.
அதை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்,
இத்தனை நாள்.

கட்டபெட்டு ஹேமாவதி லூஸ்கூடக் கேட்கவில்லை.
கை தூக்கச் சொன்னபோது, சும்மா சொல்வதுபோல,
"சோப்பு போடறப்போ ஒண்ணு உருளுதுக்கா" என்றாள்.
மறுநாள் ஊட்டி பஸ். அங்கிருந்து கோவை.
சட்டைப் பித்தான் அளவுதானாம்.
சின்னதாக இருக்கையிலேயே பிடித்ததால்
கட்டியை மட்டும் எடுத்தார்கள், மார்பை அல்ல.
முடி போனது, சுருட்டையாக வந்தது.
திரும்பி வந்து புது அளவு கொடுத்தாள்:
இடது பக்கம் முக்கால் இஞ்ச் குறைவு.
என் நோட்டில்
எனக்கு ரொம்பப் பிடித்த எண் அதுதான்.

போன புதன்கிழமை காந்தி மைதானத்தில் வேன் நின்றது.
நாற்பது தாண்டினவங்க எல்லாரும் வாங்க,
ஒண்ணும் இல்லாதவங்கதான் முக்கியமா வரணும்
என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.
எனக்கு நாற்பத்தாறு.
ஊரையெல்லாம் கேட்டவள், என்னைக் கேட்டதில்லை.
முகூர்த்த மாதம், எட்டு பிளவுஸ் பாக்கி.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன்.

"கழுத்துல இருக்கிற டேப்பைக் கழட்டுங்க"
என்று நர்ஸ் சொன்ன பிறகுதான்
அது அங்கே இருப்பதே தெரிந்தது.
தகடு மார்கழிக் குழாய்த் தண்ணீர்.
இஸ்திரிப் பெட்டிபோல் அழுத்தியது, சூடில்லாமல்.
மூச்சைப் பிடிங்க என்றாள்.
பத்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டது.
இதற்கா இத்தனை வருடம்.

ரிப்போர்ட் வர பத்து நாள் என்றார்கள்.
இன்றைக்கு ஆறாவது நாள்.
வெளியே பனிமூட்டத்தில் பஸ் ஹாரன் மட்டும் போகிறது.
ரொம்ப நாளைக்குப் பிறகு
எனக்கே ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன், மஞ்சள் நிறத்தில்.
உள்ளே ஒரு இஞ்ச் விட்டு.