அரைப்பேர்

பதினொரு பக்கம்.
பக்கம் இருபது ரூபாய்.
என் தம்பியுடையது என்றதும்
முதலாளி பதினைந்துக்குப் போடச் சொன்னார்.
நோர்வூட் சந்தியில் மழை இறங்கினால்
இந்தப் போட்டோகாப்பி மெஷினுக்குத் தாள் ஒட்டிக்கொள்ளும்.
ஏழாம் பக்கம் மூன்று தரம் சிக்கிக்
கசங்கி வந்தது.
அதில்தான் இருந்தது
விதுர்சனின் விலை.

பன்னிரண்டு இலட்சம்.
வேறொரு கிளப் அவனைக் கேட்டால்
இந்தக் கிளப்புக்கு அந்தக் கிளப் கொடுக்க வேண்டியது.
அவனுக்கு எவ்வளவு என்று
எட்டாம் பக்கத்தில் தேடினேன், இல்லை.
ஒன்பதில் இருந்தது:
சப்பாத்தும் காலுறையும்
அவன் கணக்கில் கழிக்கப்படும்.

வயது பத்தொன்பது. இடதுகால் ஆட்டக்காரன்.
மேல்கணக்கு மைதானம் ஒரு பக்கம் சரிவு.
பந்து கோட்டைத் தாண்டினால் முப்பதடி கீழே
தேயிலைக்குள்தான் போய் நிற்கும்.
எடுக்கப் போனவன்
கணுக்காலில் அட்டையோடு ஏறி வருவான்.
அதற்குப் பயந்து
பந்தைக் காலோடு வைத்திருக்கப் பழகியவன்.
கொழும்பில் அதைத் திறமை என்று எழுதிக்கொண்டார்கள்.

மாலைதீவில் இருந்து ஒரு கிளப்.
மாதம் அறுநூறு டொலர், தங்க அறை.
இவர்கள் சொல்கிறார்கள்:
மூன்று வருடத்துக்குப் புதிதாகக் கையெழுத்து வை, பிறகு பேசுவோம்.
வைக்காவிட்டால் பெஞ்சில்கூட இடமில்லை;
பெயர் மட்டும் அவர்கள் அலுமாரியில் இருக்கும்.

ஐந்து வாரமாய் வீட்டில் இருக்கிறான்.
வெள்ளிக்கிழமை தோறும் செயலாளர் லியனகே எடுப்பார்.
முதல் வெள்ளி, புதே.
இரண்டாம் வெள்ளி, மல்லி.
நான்காம் வெள்ளி, மிஸ்டர் விதுர்சன்.
ஐந்தாம் வெள்ளி அவன் எடுக்கவில்லை,
போன் எனக்கு வந்தது.
கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.
முழங்கால் ஸ்கேனுக்குக் காசு கட்டியவர் அவர்தான்.
அதன் ரசீதையும்
பதினோராம் பக்கத்தில் பின் அடித்திருந்தார்.

அம்மாவுக்குச் சொல்ல ஒரு வழிதான் இருந்தது.
"இருபது கிலோ எடுத்தா ஒரு பேர், சரியா?
குறைஞ்சா அரைப்பேர்.
இவன் முப்பது எடுக்கிறவன்.
பேரு செக்ரோல்ல இருக்கு,
மலைக்கு விட மாட்டாங்க,
வேற தோட்டத்துக்கும் விட மாட்டாங்க."
கறை பிடித்த விரலால்
ஏழாம் பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டு
அம்மா சொன்னாள்:
"அப்ப இது துண்டு."

பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
ஆளின் கடனை எழுதி,
கடனை அடைக்கிற தோட்டத்துக்கு
ஆளைக் கொடுத்த சீட்டு.
இரண்டு மார்க் கேள்வி.
அம்மா அந்த வகுப்புவரை போனதில்லை.

அவனோ
அந்தத் தாளைப் படம் பிடித்து
கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான்.
"பன்னிரண்டு இலட்சம் அக்கா!
நம்ம லயத்துல யாருக்கு இவ்வளவு விலை?"
சிரிக்கும்போது
கன்னத்தில் இன்னும் குழி விழுகிறது.
எனக்குக் கோபம் வந்தது.
உடனே, சொல்ல வெட்கமாய் இருக்கிறது,
கொஞ்சம் பெருமையும் வந்தது.
இரவு முழுக்க அந்த எண்ணை
எங்கள் வீட்டுக் கடனால்
வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மைதானத்தைக் கடந்து வந்தேன்.
சின்னப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தவன்
சும்மா, யாரும் தடுக்காமலே,
பந்தை ஓங்கி வெளியே அடித்தான்.
மூடுபனிக்குள் அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.
பிள்ளைகளை நிற்கச் சொல்லிவிட்டு
தானே இறங்கிப் போனான்.
திரும்பி வர வெகுநேரம் ஆனது.

இன்று ஆறாம் வெள்ளி.
பத்தரைக்கு மணி அடித்தது.
நான் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்:
"சேர், எட்டாம் பக்கத்தில் பாதி வெறுமையாய் இருக்கிறது.
விற்றால் அவன் பங்கு எவ்வளவு என்று
அதில் எழுதி அனுப்புங்கள்.
பிறகு பேசுவோம்."

மறுமுனையில்
கொழும்பின் பஸ் ஹோர்ன்கள் மட்டும்.
அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
எதிரே ஒருவர்
நனைந்த சேர்ட் பையிலிருந்து
அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறார்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்கிறேன்:
ரெண்டு பக்கமுமா?