பதினேழாம் பக்கத்திலிருந்து

அட்டை இல்லை.
முதல் பதினாறு பக்கமும் இல்லை.
பழைய பேப்பர்க் கட்டோடு வந்தது,
பில் புத்தகத்துக்கு அடியில் வைத்து
அழுத்தி எழுத.
எந்த நாட்டுப் புனிதை, என்ன பெயர்,
எதுவும் தெரியாது.
பதினேழாம் பக்கத்தில் அவளுக்குப் பல்வலி.

அதனால்தான் படிக்க ஆரம்பித்தேன்.

காவேரிப்பட்டணம் சாலை,
மாங்கூழ் ஆலையின் எடைமேடை, ஆனி மாதம்.
ராத்திரி இரண்டு மணிக்கும்
சந்தூர், ஜெகதேவி, மத்தூர் டிராக்டர்கள்
நெடுஞ்சாலைவரை நிற்கும்.
பெங்களூரா பழுத்து வெடித்த வாசம்
என் புடவையில், டிபன் பாக்ஸில், தூக்கத்தில்.
ஒரு வண்டி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள்
இரண்டு பத்தி கிடைக்கும்.

புனிதைகளை எனக்குச் சுரூபமாகத்தான் பழக்கம்.
எலத்தகிரிக் கோயிலில்
எல்லாருக்கும் ஒரே மூக்கு,
மேலே பார்க்கும் ஒரே கண்.
இவளும் மேலேதான் பார்த்திருக்கிறாள்.
ஆனால் எழுதுகிறாள்:
ஜெப நேரத்தில் கூரைப் பலகைகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
மறுநாளும் எண்ணினேன். நாற்பத்தொன்று.
ஆண்டவர் வரவில்லை.
ஒன்பது வருஷம் இப்படி.

சிரித்துவிட்டேன்.
வெளியே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த லோடுமேன்
என்னக்கா என்றான்.
ஒன்றுமில்லை, கணக்கு என்றேன்.

நான் பூசைக்குப் போவதை விட்டு ஏழு வருஷம்.
கோபமெல்லாம் கிடையாது. யாரும் சாகவில்லை.
ஒரு ஞாயிறு துணி துவைத்தேன்.
அடுத்த ஞாயிறும் துணி இருந்தது.

மடத்தில் மாவு அளப்பது அவள் வேலையாம்.
பிடிக்காத சகோதரி பாத்திரம் நீட்டினால்
படிக்குள் கட்டைவிரலை விட்டுக்கொள்வாளாம்.
ஒரு விரல் அளவு மாவுதான்.
இத்தனை காலம் கழித்து எழுதும்போதும்
அந்த விரல் கூசுகிறது என்கிறாள்.

புத்தகத்தை மூடி
பில் புத்தகத்துக்கு அடியில் தள்ளினேன்.

அழுகல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
நூற்றுக்கு ஐந்து கழிக்கச் சொல்லியிருக்கிறார்
மேனேஜர் திம்மராயன்.
அது ஆலையின் விரல்.
ஆறு சீசனாக அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.
ஆனால் வாயாடுகிறவனுக்கு
ஏழு போடச் சொன்னது யார்?
சந்தூர் முனிரத்தினத்துக்கு
நான் ஏழுக்குக் குறைத்துப் போட்டதே இல்லை.
அவர் கத்தக் கத்த
சாவகாசமாகப் போடுவேன்.

புதன்கிழமை ராத்திரி அவர் வண்டி ஏறியது.
ஏறும்போதே கத்தினார்:
காட்டில் ஒரு எடை, இங்கே ஒரு எடையா?
என் கட்டைவிரல் ஏழின் மேல்தான் இருந்தது.
பல்வலிக்காரி ஞாபகம் வந்தாள்.
ஐந்து போட்டேன்.

வானம் ஒன்றும் திறக்கவில்லை.
அவருக்குத் தெரியவும் தெரியாது.
சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு
இதுவும் கொள்ளைதான் என்று
மேடையோரம் துப்பினார்.
சரிதான்.
இதுவும் கொள்ளைதான்.
அந்த ஐந்தை என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை.
வாடகை இருக்கிறது,
மகனுக்கு பாலிடெக்னிக் பீஸ் இருக்கிறது.
புத்தகத்தில் இதற்கு வழி இருக்குமா,
அறுபது பக்கம் பாக்கி.
அவளுக்குக் கடைசியில் ஆண்டவர் வந்தாரா என்று
பின்பக்கம் புரட்டிப் பார்க்கவும் மனசில்லை.

நாலு மணிக்கு வரிசை கொஞ்சம் அறுந்தது.
கேபினுக்குள் அண்ணாந்து பார்த்தேன்.
தகரம் பதினொன்று.
மறுபடி எண்ணினேன். பதினொன்று.

அப்போது பெட்டியில் சிவப்பாய் எரிந்தது:
இருபது கிலோ.
மேடையில் யாருமில்லை.
சேறு, மழைத்தண்ணீர், எலி,
ஏதாவது இருக்கும் என்பார் மெக்கானிக்.
நாலு நாளாக மழை இல்லை.
பூஜ்யப் பொத்தான்மேல் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.
யார் சரக்கிலும் அது சேரக்கூடாது.
அழுத்தினேன்.