பதினோரு அடி

ஏப்ரல் முதல் சனிக்கிழமை
நூலகத்தின் பின்புறம் கூடச் சொல்லியிருந்தது.
நாற்பது பேருக்குத் தகவல் போனது.
வந்தவர்கள் ஏழு பேர்,
லூசெட்டின் நாயைச் சேர்த்தால் எட்டு.

கையில் ஒரே ஒரு வரைபடம்.
ஐம்பது வருஷத்துக்கு முன்
டிப்பெட் சகோதரிகள் இருவரும்
தொண்ணூற்றிரண்டு ஏக்கர் சதுப்பை
ஊருக்கு எழுதிவைத்தபோது சர்வேயர் போட்டது.
வடு விழுந்த பீச் மரத்திலிருந்து
கற்குவியல் வரை நேர்கோடு, என்கிறது.
பீச் மரம் போன குளிர்காலத்தில் சாய்ந்துவிட்டது.
கற்குவியலோ
மெய்ன் மாநிலத்தில் எங்கு திரும்பினாலும் இருக்கிறது.
அதனால்தான் இந்த வருஷம்
ஆளுக்கொரு பக்கமாகப் பிரியாமல்
முழு எல்லையும் சேர்ந்தே நடந்தோம்.

யாருக்கும் சொந்தமில்லை என்பதற்கும்
எல்லோருக்கும் சொந்தம் என்பதற்கும் நடுவே
தமிழில் ஒரு சொல் உண்டு, புறம்போக்கு.
அதையும் வசவாக்கிவிட்டோம்.
இங்கே அதற்கு ஒரு கமிட்டி,
ஒரு காப்பி ஃபிளாஸ்க்,
நீல பெயின்ட் டப்பா இரண்டு,
முழங்கால் வலிக்கிற ஏழு பேர்.

நிழலில் மட்டும் பனி மிச்சமிருந்தது.
சேற்றைத் துளைத்துக்கொண்டு
ஊதா நிறத்தில் ஏதோ முளைத்திருக்க,
ஆர்டன் அதன் லத்தீன் பெயரைச் சொன்னார்.
யாரும் கேட்கவில்லை.
மரங்களில் முன்பு பூசிய நீலம்
தேமல் போல் வெளிறியிருந்தது.
தேடுவது, சுரண்டுவது, பூசுவது.
மண்ணுக்குள் புதைந்த இரும்புக் கம்பியை
ரெஜான் காலாலேயே கண்டுபிடிப்பார்.
பூட்ஸ் நுனியில் அவருக்கொரு காது.

வடமேற்கு மூலையில் நீலம் நின்றுவிட்டது.
அடுத்த மரம் இருக்கவேண்டிய இடத்தில்
தலை வாரிவிட்டாற்போல் புல்தரை.
ஓர் ஊஞ்சல். ஒரு விறகு அடுக்கு.
சிவந்த மூக்கை நீட்டும் ருபார்ப் பாத்தி.
லூசெட் டேப்பை இழுத்தார்.
பதினோரு அடி.
இன்னொரு முறை இழுத்தார்,
குறையுமென்று நினைத்தாரோ என்னவோ.
பதினோரு அடி நாலு அங்குலம்.

யாரும் வீட்டைப் பார்க்கவில்லை.
அது எல்வுட் பெல்கியின் வீடு.
சதுப்பின் மேல் பலகைப் பாதை போட்டபோது
தன் டிராக்டரில் மரம் இழுத்தவர்.
மோட்டார் வண்டிக்காரர்கள் ஓடையைக் கலக்கியபோது
மூன்று இரவு காரிலேயே காவல் உட்கார்ந்தவர்.
இந்த மூலை எப்போதும் அவர் பங்கு.
"என் வீட்டுக்குப் பின்னால்தானே,
நான் பார்த்துக்கொள்கிறேன்."
இன்றைக்கும் வந்திருக்கிறார்.
பெயின்ட் டப்பா அவர் கையில்தான் இருக்கிறது.

வேலி பயிரை மேய்ந்த கதை
நமக்குத் தெரியும்.
மேய்ந்த வேலி தொப்பியைக் கழற்றித்
தலையைச் சொறிந்ததை
அன்றுதான் பார்த்தேன்.

"புல்வெட்டி கொஞ்சம் கொஞ்சமாய்ப் போயிருக்கும்.
வருஷத்துக்கு ஒரு சாண்," என்றார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
"இல்லை. எனக்குத் தெரியும்."

லூசெட் நோட்டில் பென்சிலால் எழுதினார்.
அழிக்க முடிகிற பென்சில். அழிக்கவில்லை.
ரெஜானின் கால் கம்பியைத் தொட்டது
ஊஞ்சலுக்கு நேர் கீழே,
பிள்ளைகள் தேய்த்துத் தேய்த்து ஆன குழியில்.
எல்வுட் குனிந்து
அதன் தலையில் நீலம் பூசினார்.
தேவைக்கு மேலேயே பூசினார்.

மே மாதத்தில் ஊஞ்சல் இடம் மாறியது.
விறகும் மாறியது.
ருபார்ப் யாருக்குச் சொந்தம் என்று
இரண்டு கூட்டங்களில் பேசி
முடிவெடுக்காமல் விட்டோம்.
ஜூனில் ஆர்டன் அதைப் பறித்து
ஜாம் காய்ச்சிக் கொண்டுவந்தார்,
சர்க்கரை போதவில்லை.

வெட்டாத தரையில்
முதலில் டாண்டெலியன், பிறகு முட்செடி.
விரல் உயரத்துக்கு ஒரு பிர்ச் கன்று,
அது நிற்குமா தெரியாது.

சனிக்கிழமைகளில்
பலகைப் பாதையில் போனால் கேட்கும்:
புல்வெட்டி நெருங்கி நெருங்கி வந்து
கம்பிக்கு ஓரடி இப்புறமே திரும்பிவிடும்.

அந்த ஓரடி
எந்த வரைபடத்திலும் இல்லை.