அவித்த முட்டை

அந்த நீலத்தைச் செய்தது நான்தான்.

வண்ணார்பேட்டை புரோட்டாக் கடையில்
ஓர் அவித்த முட்டை.
மூடி இறுகிய பிஸ்கட் டப்பா,
நடுவே கம்பிவலை, வலைமேல்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலாம் வருஷத்து வெள்ளி ரூபாய்.
இரண்டு ராத்திரி.
மூன்றாம் நாள் திறந்தபோது
கீழ ரத வீதியே மூக்கைப் பொத்தியது.
ராசாவின் கன்னத்தில் மயில்கழுத்து.

வெள்ளிக்குக் கந்தகம் என்றால் போதும்,
வாசம் பட்டாலே இளகிப் போகும்.
சாக்கடை, டீசல் புகை, அட்டைப்பெட்டி, கம்பளித் துணி
எதில் கொஞ்சம் இருந்தாலும் தேடி எடுத்துக்கொள்ளும்.
வருஷக்கணக்கில் நடக்கிற சம்பந்தம் அது.
நான் இரண்டு ராத்திரியில் தாலி கட்டி வைத்தேன்.

சிலர் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்துக்
கொண்டு வருவார்கள், கண் கூசும்.
பாதி விலைதான் என்றால் முறைப்பார்கள்.
தோலை உரித்துவிட்டு
முகம் கழுவினேன் என்பார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை தங்கபுஷ்பம் வந்தாள்,
முருகன்குறிச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள்.
காசை ஜன்னலோரம் சாய்த்தாள்.
நிமிர்த்தினாள். மறுபடி சாய்த்தாள்.
"எத்தனை வயசு அண்ணாச்சி?"
"நூறு தாண்டியாச்சு."
"நான் நிறத்தைக் கேட்டேன்."

பேசாமல் இருந்தேன். மின்விசிறி பேசியது.

தன் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் ஆட்டினாள்;
வில்லையின் மேல் ஒரு பச்சை வழுக்கி ஓடியது.
"இதுல யாரும் மை தடவலை. வெறும் படலம்.
மேலே பட்டுத் திரும்புத வெளிச்சமும்
அடிவரை போய் முட்டித் திரும்புத வெளிச்சமும்
ஒண்ணை ஒண்ணு வெட்டும்.
வெட்டுப்படாம மிஞ்சுதது நம்ம கண்ணுக்கு நிறம்.
காசுலயும் அதே கதைதான்.
படலம் தடிக்கத் தடிக்க
மொதல்ல வைக்கோல், பெறகு பொன்னு,
செம்பு, கத்தரிப்பூ, அதுக்கும் மேலதான் நீலம்.
உங்க ராசா ஏணியில்லாம மாடி ஏறிட்டாரு."

வெள்ளியம்பலம் மதுரைக்காரர்களுக்கு.
எங்களுக்கு வாய்த்தது தாமிர சபை, ஆறும் அதே பெயரில்.
இந்த ரூபாயிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு
தாமிரம் மறைந்திருக்கிறது.
அதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று
ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை.

அவள் கை எடைக்குப் போகிற தட்டைக் கிளறியது.
மேலே வந்தது, குறுக்கே ஒரு கோடு விழுந்த காசு.
சேரன்மாதேவி மூக்காண்டி விற்றது:
என்றோ ஒரு நில ஒப்பந்தத்துக்கு அச்சாரம்,
பத்திரத்தோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு
பீரோவில் வைத்தார்களாம்.
அதன்மேல் வழக்கு. அப்பீல். வாய்தா.
தீர்ப்புக்கு முன்னால் ரப்பர் இற்றுப்போனது.

ரப்பரிலும் கந்தகம் உண்டு.
அது அழுத்திய இடம் கரி.
கரிக்கு இருபுறமும் நீலம்,
நீலத்தை ஒட்டிக் கத்தரிப்பூ,
பிறகு செம்பு, பொன்,
கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வைக்கோல்,
அப்புறம் வெறும் வெள்ளி.
"பாருங்க," என்றாள், "ஏணி படுத்துக் கிடக்கு."

எடை விலைதான் கேட்டேன்.
அதைப்போல் நாலு மடங்கு வைத்துவிட்டு
படியிறங்கிப் போனாள்.

முட்டை ரூபாய் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
மாதாமாதம் வாசலில் நின்று கேட்பாள்,
"மகராசன் எந்தப் படியில இருக்காரு?"
கன்னம் கறுத்துக்கொண்டு வருகிறது.
கரிக்கு மேல் படி கிடையாது.

ஆனால் நேற்று லென்ஸில் பார்த்தேன்,
வலைக்கம்பி மறைத்ததால்
முட்டையின் மூச்சு படாத விளிம்பில்
லேசாக
வைக்கோல்.
நான் எதுவும் செய்யவில்லை.
இதை அவளிடம் சொன்னால் நம்புவாளா, தெரியவில்லை.