கறுப்பு ஒயர்

சில்க் போர்டு சிக்னலில்
நூற்றெழுபதிலிருந்து எண்கள் இறங்கிவந்தன.
நியூட்ரலில் நின்ற வண்டிக்குக் குளிர்ஜுரம்.
முள் ஆயிரத்தைந்நூறுக்கு ஏறும்,
ஐந்நூறுக்கு விழும், யோசித்து மறுபடி ஏறும்.
காப்பி வளையம் வளையமாய் நடுங்கியது.
எண் நான்கில் இருக்கையில் அணைந்தே போனது.
பின்னால் இருந்த அத்தனை பேரும்
ஒரே மொழியில் ஹாரன் அடித்தார்கள்.

எதுவும் கெட்டிருக்கவில்லை, அதுதான் வேடிக்கை.
முந்தின நாள்தான் ஜே.சி. ரோட்டுச் சந்தில்
நயாஸ் த்ராட்டிலைக் கழற்றி
ஏழு வருஷக் கரியை வழித்து எடுத்து
பனியன் துணியில் எனக்குக் காட்டியிருந்தான்,
ஏதோ நான் தின்று மறைத்ததுபோல.

சாயங்காலம் போன் செய்தேன்.
"சுத்தம் பண்ணின பிறகுதான் உதறுது."
"உதறும்" என்றான், எதையோ மென்றபடி.
"கரி அடைக்க அடைக்க
கம்ப்யூட்டர் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாத்
தள்ளித் திறந்து பழகிடுச்சு மேடம்.
ஸ்வல்ப அட்ஜஸ்ட்.
இப்போ கரி இல்ல. அதுக்கு யாரு சொல்றது?
இருக்கிற மாதிரியே கணக்குப் போடுது."

அன்று ராத்திரி அரிசி அளக்கையில்
இரண்டாவது டம்ளரைப் பாதியில் நிறுத்தி
டப்பாவில் திருப்பிக் கொட்டினேன்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்றிருந்தான்.
இருந்தது. கட்டிலைப் பிரிக்க வாங்கியது.
கட்டில் இப்போது ஹெண்ணூரில் இருக்கிறது.

இரண்டாம் கீழ்த்தளம், தூண் நாற்பத்தொன்று.
வாட்ச்மேன் சித்தலிங்கப்பா டார்ச் பிடித்தார்.
சிவப்பைத் தொடாதே, கறுப்பு மட்டும்.
முனையில் பச்சை கலந்த உப்பு பூத்திருந்தது.
ஒயரை விலக்கி ஒற்றைச் சாக்ஸுக்குள் நுழைத்தேன்.
மிச்சக் கரண்டும் வடியட்டுமென்று
ஹெட்லைட் சுவிட்சைத் திருகினேன்,
ஹாரனை அமுக்கிப் பிடித்தேன்.
சத்தமே இல்லை.
இந்த ஊரில் இப்படி ஒரு ஹாரன்.
இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.

"பேட்டரி ஹோய்தா?" என்றார் அவர்.
இல்லை என்று தலையசைத்து
எனக்குத் தெரிந்த கன்னடத்தில் தேடி
"மரெவு" என்றேன், மறதி.
வண்டியை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்தார்.
அவர் மைத்துனருக்கும் அதேதானாம், ராய்ச்சூரில்.

பதினைந்து நிமிஷம் கழித்து மாட்டும்போது
சின்னதாய் ஒரு பொறி.
கடிகாரம் 12:00 என்றது. மணி ஒன்பது முப்பத்தைந்து.
ரேடியோவின் ஆறு பொத்தானிலும் வெறும் இரைச்சல்.
அவற்றில் நான்கு அவன் வைத்த ஸ்டேஷன்கள்.
நயாஸ் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அவன் சொன்னது இவ்வளவுதான்:
ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் உட்காருங்க.
ஏசி வேண்டாம், லைட் வேண்டாம்.
ஆக்ஸிலேட்டர்ல கால் படக் கூடாது.
விழுந்தாலும் தாங்காதீங்க.
நீங்க தாங்கினா அதையும் படிச்சிக்கும்.

முள் விழுந்தபோதெல்லாம் வலதுகால் துடித்தது.
செருப்பைக் கழற்றி
காலை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
கழுத்தில் வியர்வை. எங்கோ ஒரு லிஃப்ட்
கதவை மூடச் சொல்லி மூன்று மொழியில் கெஞ்சியது.
ஆறாவது நிமிஷமோ ஏழாவதோ,
பார்த்துக்கொண்டிருந்தும் தவறவிட்டேன்,
முள் எழுநூற்றைம்பதில்
ஈ உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அதே சிக்னல்.
காப்பி அசையவில்லை.
முதல் கியரில் மட்டும் ஒரு குலுக்கல் மிச்சமிருக்கிறது.
அது எஞ்சின் மவுண்ட் ரப்பராம்,
மறக்க வைத்துத் தீராதாம்,
மூவாயிரத்து இருநூறு ஆகுமாம்.

காலை எட்டேகால்.
வண்டியில் பத்து நாற்பது.
திருத்தப் போன விரலை எடுத்துக்கொண்டேன்.
பின்னால் ஹாரன்.
எண் இன்னும் நூற்றுப்பன்னிரண்டில்தான் இருக்கிறது.