இரண்டு பேருக்கு ஒரு பாய்

சார்ஜன் ரோஸ்லான் வந்து
தோட்டாக்களை மேசையில் பரப்பி எண்ணினார்.
பதினெட்டு.
லைசென்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
இரும்புப் பெட்டியின் சாவி
என் அரைஞாணில் தொங்குவதைப் பார்த்தார்.
"உன் மச்சான் வெள்ளிக்கிழமை வெளியே வருகிறான்.
துப்பாக்கி இருக்கும் வீட்டில் அவன் இருக்கக்கூடாது.
தொட வேண்டியதில்லை,
பக்கத்தில் இருந்தாலே போதும்.
அவனும் உள்ளே, நீயும் உள்ளே."
அன்பாகத்தான் சொன்னார்.
பன்றிச் சட்டி ஏறும் வீடு; கோப்பி வேண்டாம் என்று கையசைத்தார்.

மங்களம் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.
"ரெண்டுல ஒன்ன வெளிய வைங்க" என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.

கன்றுச் செம்பனையின் குருத்தைத்
தோண்டித் தின்னும் பன்றிகளால்தான்
தோட்டம் எனக்குச் சம்பளம் தருகிறது.
வாலுக்கு இருபது வெள்ளி தனி.
துப்பாக்கி இல்லையென்றால் நான்
டார்ச்லைட் பிடித்து நடக்கும் வெறும் ஆள்.

அதனால் கணக்குப் போட்டோம்.
இரவு ஏழுக்கு நானும் துப்பாக்கியும் இறங்குவோம்.
ஏழேகாலுக்குக் குணாளன் பின்வாசல் வழி நுழைவான்.
ஐந்தரைக்கு அவன் எழுந்து
பகாவ் பலகைத் தொழிற்சாலைக்கு மோட்டார் எடுப்பான்.
ஆறுக்கு நான்.

ஆறு வருடம் கழித்து வந்தவன் முகத்தை
இன்னும் நேராகப் பார்க்கவில்லை.
பாலத்தருகே எதிரில் வரும் விளக்கு
ஒருமுறை அணைந்து எரியும். அது அவன்.
நான் குழலைத் தரைக்குத் தாழ்த்துவேன்,
யார் பார்க்கிறார்களோ.

அவன் விட்டுப்போன பாயில்தான் படுக்கிறேன்.
சூடு ஆறியிருக்காது.
தலையணையில் மரத்தூள்.
சுவர் ஓரம் மட்டும் கசங்கியிருக்கும்.
பாதிப் பாயை யாருக்கோ விட்டுப்
படுக்கப் பழகிவிட்டான்.

பன்றி விழுந்த நாளில்
மங்களம் மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பாள்,
இரண்டு தட்டு மூடி வைப்பாள்.
கறிக்குச் சட்டத்தில் தடையில்லை.
போன வாரம் அவன் பல்லில்
ஈயக்குண்டு ஒன்று அகப்பட்டதாம்.
கழுவி, ஜன்னல் விளிம்பில்,
என் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான்.
இதையும் எண்ணுவாரா சார்ஜன்?
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நேற்று அடைமழை.
பதினொரு மணிக்கு ரோந்து வேண்டாம் என்றுவிட்டார் மானேஜர்.
வீட்டு வாசல்வரை வந்தேன்.
உள்ளே குறட்டை.
அப்படியே திரும்பி, பஸ் நிறுத்தத்துக் கூரையடியில்
மழைக்கோட்டைக் கழற்றித் துப்பாக்கிக்குப் போர்த்தி உட்கார்ந்தேன்.

இரண்டு மணி வாக்கில் குடையோடு மங்களம் வந்தாள்,
பிளாஸ்கில் தேத்தண்ணி.
"முழிச்சிட்டான். மாமாவ உள்ள வரச் சொல்லு,
நான் போறேங்கிறான்."
"படுக்கச் சொல்லு" என்றேன்.

போகவில்லை அவள்.
ஈர சிமெண்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
அது நனையாம இருக்கா என்று கேட்டாள்.
இருக்கு என்றேன்.