பத்து மீட்டர்

ஒற்றைக் காதுக்குத்தான் வாங்கினேன்.
இன்னொரு காது சூப்பர்வைசருக்கு.
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில்
அறுநூற்றைம்பது சொல்லி நானூறுக்குத் தந்தவன்
"தண்ணி மட்டும் படக்கூடாதுக்கா" என்றான்,
மண்டபத்தில் நண்டு உடைக்கிறவளிடம்.

பொத்தானை ஏழு எண்ணும்வரை அமுக்கினால்
சிவப்பும் நீலமும் மாறி மாறி முழிக்கும்.
பிறகு உள்ளேயிருந்து ஒருத்தி
"கனெக்டட்" என்பாள்,
என்னிடம் எதையோ ஒப்படைத்துவிட்டுப்
போகிறவள் மாதிரி.

முதல் வாரம் விட்டுவிட்டுத்தான் கேட்டது.
போன் வலது இடுப்பில், சேலைக் கொசுவத்துக்குள்.
கருவி இடது காதில்.
நூருன்னிசா மகன் அசன் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"நடுவுல நீங்க நிக்கிறீங்க மாமி.
உடம்புல பாதிக்கு மேல தண்ணி.
இந்த அலைக்குத் தண்ணி ஆகாது."

தனுஷ்கோடி மணலில் நின்றால்
அக்கரைக் கோபுரம் கடல் தாண்டி வந்து
நல்வரவு என்று செய்தி போடுகிறது.
என் இடுப்புக்கும் என் காதுக்கும் இடையே
இரண்டரை அடி.
அதைத் தாண்ட முடியாதாம்.

போனை இடப்பக்கம் மாற்றிச் செருகினேன்.
கேட்டது.

பிறகு சார்ஜ் ஏறும் வாயில் பச்சை பூத்தது.
உப்புக்காற்று. பல்துலக்கும் பழைய பிரஷால் தேய்த்தேன்.
பிறகு சத்தம் கிணற்றுக்குள் போனது.
சல்லடைத் துளையில் நண்டு நார்.
குண்டூசியால் எடுத்தேன்,
கால்மூட்டிலிருந்து சதை எடுக்கிற அதே கையால்.

ஒரு வியாழக்கிழமை ஒன்றுமே இல்லை.
முழிக்கிறது, சேரவில்லை.
மறந்துவிடு என்பதை அழுத்தி
முதலிலிருந்து பழக வேண்டும் என்று
அசன் சொல்லியிருந்தான்.
மறந்தேன்.
பட்டியலில் பெயர்கள் வந்தன.
ஈரக் கட்டைவிரல் ஒரு வரி மேலே பட்டுவிட்டது.

ஆயுத பூஜைக்குப் பாட்டுப் போட
என் போனைத்தான் வாங்கினார் ரெத்தினவேல்.
அந்தப் பாக்ஸ் இன்னும் உத்தரத்தில் தொங்குகிறது.
அங்கிருந்து அதே இங்கிலீஷ்காரி
"கனெக்டட்" என்றிருக்கிறாள்.
ஐஸ் அரைக்கிற மிஷின் சத்தத்தில்
எனக்கு விளங்கவில்லை.

மிஷின் நின்றது.
போன் அதிர்ந்தது. மணிக்கட்டால் தள்ளி எடுத்தேன்.

"ஞானம், செய்யதம்மா பேசுறேன், வேதாளையிலிருந்து.
இங்கே கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூட.
கையுறை கம்பெனி செலவு.
நாளைக்கே வந்துரு.
உங்க சூப்பர்வைசர் காதுல மட்டும் விழுந்துராம."

தகரக் கூரை அதை இரண்டாம் தடவையும் சொன்னது.
முப்பத்துநான்கு கத்திகள் நின்றன.
எடை மிஷினில் கை வைத்தபடி ரெத்தினவேல்.
தட்டிலிருந்து ஒரு நண்டு ஓடு சரிந்து
தரையில் சுற்றி நிற்கும்வரை எல்லோரும் பார்த்தோம்.

நான் காதைப் பொத்திக்கொண்டு
ஹலோ ஹலோ என்கிறேன்.
காதில் ஒன்றுமில்லை.
உத்தரத்திலிருந்து செய்யதம்மா கேட்கிறாள்:
"கேக்குதா? ஏய், கேக்குதா?"

கடைசி மேஜையில் சவேரியாள்
தலை நிமிராமல் சொன்னாள்:
"நல்லா கேக்குது.
எத்தனை பேர் வேணும்னு கேளு."

பன்னிரண்டு வரவில்லை. ஒன்பது வந்தது,
சனிக்கிழமை சம்பள நோட்டில், பென்சிலால்.
மூன்று பேர் அப்படியும் வேதாளைக்குப் போனார்கள்.
கொட்டகை நீளத்தை அசன் காலடியால் அளந்தான்,
பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
வாசலில் நின்ற ஐஸ் வண்டிக்காரனுக்கும் கேட்டிருக்கும்.

இப்போது தினமும் ஒருமுறை வந்து நிற்கிறார்.
"அந்தப் பாக்ஸ் பேரை உன் போன்லேருந்து எடுத்துரும்மா.
மறந்துவிடுன்னு இருக்குல்ல, அதை அமுக்கு."

அமுக்கலாம்.
ஈரக்கை சார், திரை எடுக்க மாட்டேங்குது.